ஆற்றில் இட்ட பொன்

விருத்தாசலத்தில் எங்கள் வாசக நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது வழக்கம். எட்டுப் பேர் வந்தால் கூட்டம், பன்னிரண்டு பேர் வந்தால் மாநாடு. சென்ற முறை பேச்சு அறிவியல் புனைகதைகளின் பக்கம் திரும்பியது. நண்பர் ஒருவர், நிறையப் படித்தவர், சிற்றிதழ்களில் விமரிசனம் எழுதுபவர், ஓர் இளம் எழுத்தாளரின் கதையை எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் பாராட்டினார். மொழி, அமைப்பு, பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாக மதிப்பெண் போட்டார். கடைசியில் ஓர் 'ஆனால்' வந்தது. "ஆனால், கதை நம்பிக்கையோடு முடிகிறது." அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. சுற்றி இருந்தவர்கள் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். வீடு திரும்பும்போது மணிமுத்தாற்றுப் பாலத்தின் மேல்தான் அந்தத் தலையசைப்பு எனக்கு உறுத்தத் தொடங்கியது. எதற்காக அசைத்தேன்? நம்பிக்கை எப்போதிலிருந்து இலக்கணப் பிழையாயிற்று?

நம்முடைய தீவிர இலக்கியச் சூழலில் எழுதப்படாத சட்டம் ஒன்று நடைமுறையில் இருக்கிறது. கதைக்குள் ஓர் உலகத்தைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் அது அழிய வேண்டும். அழியாவிட்டால் அழுகவாவது வேண்டும். எதிர்காலத்தைப் பற்றி எழுதினால் அங்கே குடிக்கத் தண்ணீர் இருக்கக் கூடாது, ஒவ்வொரு சுவரிலும் அரசாங்கத்தின் கண் இருக்க வேண்டும், குழந்தைகள் சிரிக்கக் கூடாது. இவை இருந்தால் கதை 'ஆழமானது'. மாறாக, தான் கற்பித்த உலகில் மனிதர்கள் இன்றைவிடச் சற்று மேலாக வாழ்கிறார்கள் என்று ஒருவன் எழுதிவிட்டால், அவனைத் தோளில் தட்டிச் சிறுவர் இதழ்களின் பக்கம் அனுப்பிவைக்கிறோம். இந்தச் சட்டம் சோம்பலில் பிறந்தது, தமிழ் மரபுக்கு அயலானது, இன்று எழுத வரும் பிள்ளைகளுக்குக் கேடு செய்வது என்பது என் கட்சி.

சட்டத்துக்கு மூலவராகக் காட்டப்படுபவர் எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கியவர். சொ. விருத்தாசலம் என்ற புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். இன்றும் இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். தன் கதைகளின் பொதுக்குணம் நம்பிக்கை வறட்சி என்று அவரே எழுதிவைத்தார். ஒரு படைப்பாளி தன்னைப் பற்றித் தந்த வாக்குமூலம் அது. பின்னால் வந்தவர்கள் அதை அரசாணையாக வாசித்தார்கள். ஆனால் அந்த மனிதர் என்ன எழுதினார் என்று ஒருமுறை பாருங்கள். 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சென்னை பிராட்வே முனையில் கடவுள் வந்து நிற்கிறார். ஓட்டலில் காப்பி குடிக்கிறார். அதிலே சிக்கரி கலந்திருப்பதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது. பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரர் ஆகிறார். பிள்ளையின் சிறு மகள் அவரோடு பயமில்லாமல் விளையாடுகிறாள். கடைசியில் மனிதர்களோடு சேர்ந்து வாழ்வது தன்னால் ஆகாது என்று கடவுள் போய்விடுகிறார், உண்மைதான். நம்பிக்கை அங்கே வறண்டிருக்கலாம். வியப்பு வறண்டிருக்கிறதா? கடவுளைக்கூடச் சந்தாக் கணக்கில் வரவு வைக்க வேண்டிய ஓர் உலகத்தை, அதன் டிராம் வண்டி, வாடகை வீடு, மகளின் குறும்பு எல்லாவற்றோடும் கட்டியெழுப்ப, குழந்தையின் கண் இல்லாதவரால் முடியுமா? 'சாப விமோசனம்' கதையில் சீதையிடம் இராமன் சான்று கேட்டான் என்று அறிந்த அகலிகை மீண்டும் கல்லாகிறாளே, அது எவ்வளவு கறாரான மாய விதி! அவர் விட்டுச் சென்ற நிலத்தில் வறட்சியை மட்டும் நம் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொண்டோம். ஊற்றை விட்டுவிட்டோம்.

எங்கள் பகுதியின் எழுத்தைக் குறைசொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுநாட்டு எழுத்து என்று இன்று சொல்லப்படுவதற்கு விருத்தாசலமும் சுற்றுப்புறமும்தான் தாய்நிலம். த. பழமலயின் 'சனங்களின் கதை' 1988இல் வந்தபோது, எங்கள் உறவினர்களின் முகங்கள் கவிதைக்குள் இருப்பதைக் கண்டு நாங்கள் அதிர்ந்தோம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994), கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' இரண்டையும் நான் வகுப்பில் ஆண்டுதோறும் பேசுகிறேன். 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'செல்லாத பணம்' நாவலின் தீக்காய வார்டை வாசித்துவிட்டு இரண்டு இரவு தூங்காமல் கிடந்தவன் நான். இருப்பதை உள்ளபடி சொல்வதற்கு இவர்கள் கொடுத்த விலை பெரிது. இவர்களைப் போய் 'நம்பிக்கையோடு முடியுங்கள்' என்று கேட்பவன் மூடன். என் வழக்கு இவர்களோடு இல்லை. யதார்த்தத்தின் அளவுகோலைக் கொண்டுபோய், யதார்த்தம் அல்லாத ஒன்றை அளந்து, 'குறைகிறது' என்று தீர்ப்பெழுதும் எங்களைப் போன்ற வாசகர்களோடும் ஆசிரியர்களோடும்தான்.

இதே ஊரில் வேறு சில கதைகளும் உண்டு. பழமலைநாதர் கோயிலுக்கு வந்த சுந்தரருக்கு இறைவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தான். திருவாரூர் வரை சுமந்து செல்ல முடியாது. மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, ஆரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள் என்பது கட்டளை. 'ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறாயே' என்று பரவை நாச்சியார் சிரித்தாராம். இன்றும் அறிவற்ற செயலுக்கு அதுதான் பழமொழி. ஆனால் கதையில் பொன் கிடைக்கிறது. எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது. எடுத்த பொன்னின் மாற்றை உரைத்துப் பார்க்கிறார்கள், தரம் குறைகிறது. மறுபடியும் பாடிச் சரி செய்ய வேண்டியிருக்கிறது. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் இன்றும் அதற்குச் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார். அற்புதம் நிகழ்ந்த பிறகும் உரைகல்லை எடுக்கும் இந்தப் புத்தி இருக்கிறதே, கற்பனை உலகத்தைக் கட்டுபவனுக்கு அதைவிடப் பெரிய பாடத்தை நான் எந்தப் பயிலரங்கிலும் கேட்டதில்லை.

ஊருக்கு மேற்கே மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் இன்னொன்று நடக்கிறது. பொருள் களவு போனவர், கடன் திரும்பாதவர், கணவன் விட்டுப் போனவர் என்று பலரும் முருகனுக்கு முறையாக மனு எழுதி, முனியப்பர் முன்னால் கட்டுகிறார்கள். அதற்குப் பெயரே 'பிராது கட்டுதல்'. காரியம் முடிந்ததும் வந்து பிராதைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கு 'ராஜினாமா' என்று பெயர். கடவுளை நீதிபதியாகவும் கருவறையைக் கச்சேரியாகவும் ஆக்கி, மனு, வாபஸ் என்ற நடைமுறையோடு எளிய சனங்கள் கட்டிவைத்திருக்கும் உலகம் இது. நான் அதை நம்புகிறேனா என்பது இங்கே கேள்வி இல்லை. கச்சேரியில் நீதி கிடைக்காத மனிதர்கள், நீதி கிடைக்கும் ஒரு கச்சேரியைக் கற்பனை செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். கையில் ஒன்றுமில்லாதவனுக்கு நம்பிக்கை ஒரு வேலைக்கருவி.

தமிழின் மிகப் பெரிய நம்பிக்கை உலகத்தைக் கட்டியவர் சீத்தலைச் சாத்தனார் என்பேன். மணிமேகலையை நாம் சமயக் காப்பியம் என்று சொல்லி, கடைசிக் காதைகளின் தருக்கத்தில் மாணவர்களைக் கொண்டுபோய்ச் சிக்கவைத்துவிடுகிறோம். அள்ள அள்ளக் குறையாத ஒரு பாத்திரம் என்றதும் 'மாயாஜாலம்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள், அந்தப் பாத்திரத்துக்குச் சாத்தனார் வைத்த நிபந்தனைகளைக் கவனிப்பதில்லை. வேள்விப் பசுவை விடுவித்ததற்காக ஊரால் துரத்தப்பட்ட ஆபுத்திரன் மதுரையில் பிச்சை எடுத்து, குருடருக்கும் முடவருக்கும் ஊட்டிவிட்டு மிச்சத்தை உண்கிறான். அவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியைத் தருகிறாள். புகழைக் கேட்டு இந்திரன் கிழவேடத்தில் வந்து 'வரம் கேள்' என்கிறான். ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். பசித்தவன் முகம் மலர்வதைப் பார்ப்பதைவிட உன்னிடம் என்ன இருக்கிறது என்பது அந்தச் சிரிப்பின் பொருள். அவமானப்பட்ட இந்திரன் பழிவாங்குகிறான். எப்படி? பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த பாண்டி நாட்டில் மழையைக் கொட்டுகிறான்!

இந்த இடத்தில் வகுப்பில் எப்போதும் நிறுத்துவேன். ஒரு தேவன் பழிவாங்குவதற்காக நாட்டை வளமாக்குகிறான். யாருக்கும் பசி இல்லை. சோறிட்ட அம்பலத்தில் சூதாடிகளும் வீணர்களும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். ஏற்பார் இல்லாத ஆபுத்திரன், சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். மணிபல்லவத்தில் இறங்கியவனை விட்டுவிட்டு இரவில் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவில், கையில் உலகையே உண்பிக்கும் பாத்திரத்தோடு, தன் ஒரு வயிற்றுக்காக அதைப் பயன்படுத்த மனமின்றி, கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். பின்னொரு காலத்தில் அந்தப் பாத்திரம் மணிமேகலை கைக்கு வருகிறது. அவள் ஆதிரை கையால் முதல் பிச்சை ஏற்று, காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்து, சிறையில் கிடப்பவர்களுக்கு உணவிட்டு, சோழ மன்னனிடம் ஒரே ஒரு வரம் கேட்கிறாள்: சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக வேண்டும். ஆகிறது. சில காதைகள் கழித்து அவளே சிறைப்படுகிறாள். இது பாலும் தேனும் ஓடும் பூரிப்பா? நன்மை நடந்தால் அதன் விலை என்ன, வளம் வந்தால் அறம் என்ன ஆகும், சிறையை ஒழித்தவளைச் சிறை எப்படித் தேடி வரும் என்றெல்லாம் ஒன்றுவிடாமல் யோசித்த மனம் இது. அப்படி யோசித்த பிறகும், பசி தீரக்கூடியதே என்ற முடிவிலிருந்து அது பின்வாங்கவில்லை. நம்முடைய எதிர்காலக் கதைகளில் இந்த உழைப்பில் நூற்றில் ஒரு பங்கு உண்டா?

பிறநாட்டு உதாரணம் ஒன்று சொல்லாவிட்டால் நம் நண்பர்களுக்குக் கட்டுரை பூர்த்தியாகாது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973இல் ஒமெலாஸ் என்ற நகரத்தைப் பற்றி எழுதிய கதை நம் வாசகர்கள் பலரும் அறிந்தது. மகிழ்ச்சியான நகரம், ஆனால் அந்த மகிழ்ச்சி முழுவதும் ஒரு நிலவறையில் அழுக்கோடும் பசியோடும் அடைக்கப்பட்ட ஒற்றைக் குழந்தையின் துயரத்தின் மேல் நிற்கிறது. எல்லோரும் அந்தக் குழந்தையைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். கதையின் உண்மையான கத்தி அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. நகரத்தின் திருவிழாவை வருணித்துவிட்டு, கதைசொல்லி நம்மிடம் திரும்பி, இதை நம்புகிறீர்களா என்று கேட்கிறாள். நம்பவில்லை என்றால் இன்னொன்றும் சொல்கிறேன் என்று அதற்குப் பிறகுதான் அந்த நிலவறையைத் திறக்கிறாள். அதாவது, குழந்தையை வதைத்துக் காட்டும்வரை நாம் நகரத்தை நம்ப மாட்டோம்! அந்தக் கதை ஒமெலாஸ்வாசிகளை விசாரிப்பதைவிட நம்மை அதிகமாக விசாரிக்கிறது. என். கே. ஜெமிசின் என்ற கறுப்பின எழுத்தாளர் 2018இல் வந்த தன் தொகுப்பில் இதற்கு மறுமொழியாக ஒரு கதை எழுதினார். அதிலும் ஒரு நல்ல நகரம். அதிலும் வாசகனின் அவநம்பிக்கையோடுதான் சண்டை. அடிமை வரலாற்றின் வழிவந்த ஒரு பெண்ணுக்கு நம்பிக்கை அவசியப்படுகிறது. வாரக் கடைசியில் கூடிப் பேசும் நமக்கு அது அநாகரிகமாகத் தோன்றுகிறது. விசித்திரம்தான்.

இதற்கு அமெரிக்கா போயிருக்கவே வேண்டாம். 1905இல் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழில் ரொக்கேயா சகாவத் ஹுசைன் என்ற வங்காள முஸ்லிம் பெண் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை எழுதினார். பெண்கள் ஆளும் நாடு. ஆண்கள் அந்தப்புரத்தில். வெயிலின் வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். அடுக்களையில் புகை இல்லை. மேகத்திலிருந்து நீரை இறக்கிக்கொள்கிறார்கள். படையெடுத்து வந்த பகைவரைச் சேமித்த வெயிலால் துரத்துகிறார்கள். பெண்களின் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆண்களுக்கு ஏன் நாள் முழுவதும் ஆயிற்று? ஒரு சுருட்டு புகைய அரைமணி, நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு, ஆறு மணி நேரம் அதிலேயே போயிற்று என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத, பர்தாவுக்குள் வளர்ந்த பெண்ணின் கணக்கு இது! பின்னாளில் அவர் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். நம் நகரத்தில் அச்சேறிய இந்தக் கதையைத் தமிழில் சிறுகதையின் தோற்றம் பற்றிப் பேசும் எந்தப் பாடத்திட்டத்திலும் நான் படிக்கவில்லை, நடத்தவும் இல்லை. மொழி ஆங்கிலம் என்பது ஒரு காரணம். 'கனவு' என்ற சொல் தலைப்பில் இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்பது என் குசும்பான சந்தேகம்.

ஐந்தாண்டு கழித்து, 1910இல், பாரதியின் 'ஞானரதம்' வருகிறது. தமிழ் உரைநடையில் வேற்றுலகம் காணப் புறப்பட்ட முதல் வண்டிகளில் ஒன்று. கவலையில்லாத உபசாந்தி லோகத்தின் வாசலில், மனத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று தடுக்கிறார்கள். அந்த விலைக்கு அவருக்குச் சம்மதமில்லை. நல்லுலகத்துக்கும் நுழைவுக் கட்டணம் கேட்டுப் பார்த்திருக்கிறார். பெரியாரின் 'இனிவரும் உலகம்' 1940களின் பேச்சு, கதை அல்ல. என்றாலும் தொலைவில் இருப்பவர்கள் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் காலத்தைக் கடவுள் துணை இல்லாமலே கற்பனை செய்தது அது. சைவர், பௌத்தர், சாக்தர், நாத்திகர் என்று யாரைக் கேட்டாலும் இந்த மண்ணில் நாளையைப் பற்றிச் சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. தீவிர இலக்கிய வாசகனிடம் மட்டும் இல்லாமல் போனது.

எங்கே போயிற்று? பாதி, குழந்தைகளிடம் போயிற்று. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவுக்கும் பின்னர் காமிக்ஸ் புத்தகங்களுக்கும் வியப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, நாம் பெரியவர்கள் ஆனோம். இன்னொரு பாதி கடந்த காலத்துக்குப் போயிற்று. இதுதான் எனக்கு அதிக வருத்தம். உலகத்தைக் கட்டும் தமிழ்க் கற்பனை முழுவதும் கடலில் மூழ்கிய கண்டத்தையும் பொற்காலப் பேரரசுகளையும் கட்டவே செலவாகிறது. இறையனார் களவியல் உரைகாரர் மூன்று சங்கங்களுக்கும் 4440, 3700, 1850 என்று ஆண்டுக் கணக்கு சொல்கிறார். மூன்றும் 37ஆல் மீதியின்றி வகுபடும்; வகுத்துப் பாருங்கள். அது அழகான கற்பனைக் கட்டுமானம். அதை வரலாறு என்று நம்பி நெஞ்சு நிமிர்த்துகிறவர்கள், ஒரு தமிழன் 2100ஐப் பற்றி நல்லதாக எழுதினால் 'நம்பும்படி இல்லை' என்கிறார்கள். நடந்து முடிந்ததாகச் சொன்னால் பெருமை, நடக்கப்போவதாகச் சொன்னால் பேதைமை!

சுஜாதாவைச் சொல்லாமல் விட முடியாது. 'என் இனிய இயந்திரா'வின் கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். அந்தக் காலமும் வந்து போய்விட்டது. அது சர்வாதிகாரி ஆளும் இருண்ட நாடு. ஆனால் படித்த யாரைக் கேட்டாலும் நினைவில் நிற்பது சர்வாதிகாரி அல்ல, ஜீனோ. புத்தகம் படிக்கிற, வாதம் செய்கிற, மெல்ல மெல்ல மனசு வளர்கிற அந்த இயந்திர நாய். இருட்டை விமரிசகர்கள் எடுத்துக்கொண்டார்கள், நாயை வாசகர்கள் எடுத்துக்கொண்டார்கள். வாசகர்கள்தான் சரியாகத் தேர்ந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இனி, என்னிடம் சொல்லப்படக்கூடிய வலுவான மறுப்பு. 2009க்குப் பிறகு, முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு, எந்த முகத்தோடு நல்லுலகம் பற்றிப் பேசுவது? இன்னும் ஊரும் சேரியும் தனியாக இருக்கிற மண்ணில் நம்பிக்கை என்பது வயிறு நிறைந்தவனின் ஏப்பம் இல்லையா? இதை நான் பல ஆண்டுகள் நம்பினேன். நம்பியதால் ஒரு தவறும் செய்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கும். என் வகுப்பில் ஒரு மாணவி. அப்பாவுக்கு இங்கே பீங்கான் பட்டறையில் வேலை. துறையின் கையெழுத்து இதழுக்காக ஒரு கதை கொண்டுவந்தாள். காலம் 2090. நெய்வேலியின் சுரங்கப் பள்ளங்கள் ஏரிகளாகிவிட்டன. விருத்தாசலத்துச் சூளைகள் வெயிலில் எரிகின்றன. ஊரில் ஓர் அருங்காட்சியகம். அதிலே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு குவளைகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்கள். 'ஒரே டீக்கடையில் ஏன் இரண்டு விதக் குவளை?' ஒரு பிள்ளை, ஒன்று சூட்டுக்கு, ஒன்று ஆறினதுக்கு என்கிறது. இன்னொன்று, ஒன்று விருந்தாளிக்கு என்கிறது. வழிகாட்டும் அம்மாள் உண்மையை விளக்கப் பார்க்கிறாள். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பச் சொல்கிறாள், அவளுக்கே சொற்கள் போதவில்லை. பிள்ளைகளுக்குப் பசி வந்து, அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள்.

நான் சிவப்பு மையில் 'யதார்த்தமாக இல்லை. உன் அப்பாவின் வாழ்க்கையை எழுது' என்று எழுதிக் கொடுத்தேன்.

அவள் அப்பாவின் வாழ்க்கையை எழுதவில்லை. வேறு எதையும் எழுதவில்லை. மூன்று ஆண்டும் ஒழுங்காக வந்து, நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இரட்டைக் குவளை முறையைப் பற்றி நான் எத்தனையோ கதைகள் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அந்தக் கொடுமை எனக்கு ஏற்கெனவே தெரிந்த கொடுமையாகவே இருந்தது. கோபம் வரும், பெருமூச்சு வரும், பக்கத்தைத் திருப்புவேன். அந்தப் பெண்ணின் கதையில்தான் முதன்முதலாக அது விளக்கவே முடியாத கிறுக்குத்தனமாக, மனிதர்கள் செய்திருக்கவே முடியாத ஒன்றாகத் தெரிந்தது. பிள்ளைகளுக்குப் புரியாத அந்த நல்லுலகத்தில் நின்று பார்த்தால்தான் நம் டீக்கடை எவ்வளவு அருவருப்பானது என்று தெரியும். எனக்கு அது புரிய எட்டு ஒன்பது ஆண்டுகள் ஆயின. வயிறு நிறைந்தவன் ஏப்பம் விட்டது அன்று அவள் இல்லை.

அந்தக் கதையில் வேறொன்றும் இருந்தது. சூளை பற்றிய விவரம். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது வரும் வெள்ளைக் களிமண்தான் எங்கள் ஊர்ப் பீங்கானுக்கு ஆதாரம். அதைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, ஓரத்தில் மண் ஏடாகப் படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, உலர்த்தி, சுட்டு, மெருகு கொடுத்து மறுபடியும் சுடுவார்கள். உலரும்போதும் சுருங்கும், சுடும்போதும் சுருங்கும். ஆகவே, கையில் வரவேண்டிய பிள்ளையாரைவிட அச்சுப் பிள்ளையார் பெரியவராக இருக்க வேண்டும். அவள் தன் 2090க்குள் இதையெல்லாம் எழுதியிருந்தாள். வெயில் சூளையில் மழைக்காலத்தில் என்ன செய்வார்கள், யார் எந்த முறையில் வேலைக்கு வருவார்கள், உடைந்த சில்லு எங்கே போகும் என்பது வரைக்கும். இப்போது வரும் அழிவுலகக் கதைகளில் இந்த அக்கறையைத் தேடுகிறேன். பாழடைந்த நகரம் என்று எழுதிவிட்டால் சாக்கடை எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஓடவில்லை, அவ்வளவுதானே? நன்றாக நடக்கும் நகரம் என்று எழுதினால் சாக்கடை, சம்பளம், கிழவிகளைப் பார்த்துக்கொள்வது யார், திருடன் அகப்பட்டால் என்ன செய்வது என்று ஆயிரம் கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். உரைகல்லோடு பிள்ளையார் காத்திருக்கிறார். அந்தச் சிரமத்துக்குப் பயந்துகொண்டு, நம் சோம்பலுக்கு 'இருண்மை' என்று தத்துவப் பெயர் சூட்டியிருக்கிறோம்.

மேடைப் பேச்சாளர்களின் 'கனவு காணுங்கள்' வகையறாவை நான் ஆதரிப்பதாக யாரேனும் எடுத்துக்கொண்டால் அது என் எழுத்தின் குறை. 2020இல் வல்லரசு என்று எங்கள் ஆண்டுவிழாக்களில் எத்தனை முறை கேட்டோம்! அதில் உலகம் இல்லை, முழக்கம்தான் இருந்தது. அதில் யார் பாத்திரம் தேய்ப்பார்கள் என்ற விவரம் கிடையாது. இலக்கியம் கைவிட்ட இடத்தில்தான் அந்தப் பேச்சாளர்கள் வந்து நாற்காலி போட்டார்கள்.

இந்த ஆண்டு முதலாமாண்டு வகுப்பில், 2100ஆம் ஆண்டு விருத்தாசலத்தில் ஒரு நாள் என்று எழுதச் சொன்னேன். கொண்டுவந்து அடுக்கினார்கள். ஏறத்தாழ எல்லாவற்றிலும் மணிமுத்தாறு மணல்கூட இல்லாமல் கிடந்தது. வெயிலில் மனிதர்கள் செத்து விழுந்தார்கள். தண்ணீர் லாரியைச் சுற்றிக் கத்திக்குத்து நடந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள்! நன்றாகச் சிரித்துப் பேசும், வகுப்பில் எப்போதும் வம்பளக்கும் ஒருவனைக் கூப்பிட்டு, "ஏம்பா, உன் ஊருக்கு ஒரு நல்ல நாள்கூட வராதா?" என்று கேட்டேன். அவன் தாளை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னான்: "நல்லா இருக்கும்னு எழுதினா சிரிப்பீங்கன்னு நெனைச்சேன், சார்."